கொள்கையால் பிரிந்த குடும்பம்: நல்ல அரசியல் திரில்லர் சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு படம் போட்டு, பிறகு இருந்து கதைக்கிறோம். அடுத்த முறைக்கு, கொள்கையால் இரண்டாகப் போன வீட்டைப் பற்றிய அரசியல் திரில்லர் ஒன்று வேண்டும்.

கென் லோச்சின் ‘தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி’ (2006) போட்டாயிற்று. பிரிட்டனோடு செய்த 1921 உடன்படிக்கைக்குப் பிறகு அயர்லாந்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். இங்கே ஒருத்தருக்கும் அது வேற்று நாட்டுக் கதையாகத் தெரியவில்லை. முடிந்த பிறகும் கதிரையை விட்டு யாரும் எழும்பவில்லை.

என் தெரிவு முகமது ரசூலோஃபின் ‘த சீட் ஒஃப் த சேக்ரட் ஃபிக்’ (2024). தெஹ்ரானில் புரட்சி நீதிமன்றத்தில் வேலை செய்யும் தகப்பன், தெருப் போராட்டத்தின் பக்கம் சாயும் மகள்மார், வீட்டுக்குள் காணாமல் போகும் துப்பாக்கி. அருமையான படம்தான், ஆனால் இரண்டே முக்கால் மணிநேரம்! கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற ஆக்கள் என்னைத்தான் திட்டுவினம்.

சரி, இரண்டு மணிநேரத்துக்குள் முடிகிற படம் ஏதும் தெரியுமா? லத்தீன் அமெரிக்கா, கொரியா என்றால் இன்னும் சந்தோஷம். குண்டுவெடிப்பை விடச் சாப்பாட்டு மேசைச் சண்டை கூடுதலாக இருக்கவேண்டும். தமிழ் சப்டைட்டில் எங்கே எடுக்கலாம் என்றும் சொல்லுங்கோ; வயதானவர்கள் ஆங்கிலத்தில் வாசித்துக் களைத்துப் போகிறார்கள்.