சின்ன வயதில் பார்த்த சாவு: இன்னும் விடாத அந்த ஒரு நொடி

பாட்டி இறந்தபோது எனக்கு ஆறு வயது. முன்கதை வேண்டாம், எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். "பாட்டி தூங்குறாங்க, சத்தம் போடாதே" என்று அத்தை சொல்லியிருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். உடை மாற்றுவதற்காக இரண்டு பேர் பாட்டியை ஒருக்களித்துப் புரட்டினார்கள். அப்போது பாட்டி முனகினார். தொண்டைக்குள்ளிருந்து, நீளமாக. புரட்டியவர்களில் ஒருவருடைய கை அப்படியே நின்றது, இன்னொருவர் அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தார்கள். "பாட்டி முழிச்சிட்டாங்க!" என்று கத்தினேன். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். உயிரோடு இருந்தவரையா கொண்டுபோனார்கள்? இன்றுவரை அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை.

—

எனக்கு அண்ணன் போன பிறகு நடந்தது. விடியற்காலை. கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. அமுக்குவான் என்பார்களே, அதே நிலைமை. அண்ணன் கட்டில் ஓரத்தில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். எப்போதும் போல முதலில் இடது கால். முடிச்சுப் போட்டான், பிடிக்காமல் அவிழ்த்தான், மறுபடி போட்டான். அவன் உட்கார்ந்த பக்கம் மெத்தை அமுங்கியிருந்தது. கூப்பிடக் குரல் எழவில்லை. பயந்திருப்பாய் என்று யாராவது சொன்னால் கோபம்தான் வருகிறது. பயமே இல்லை. ஒரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டானா என்று மட்டும்தான் இருந்தது.

—

முனகலைக் கேட்டவருக்கு: பாட்டி உயிரோடு இல்லை, தயவுசெய்து அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். நுரையீரலில் தங்கிய காற்று, உடலைப் புரட்டும்போது குரல்வளை வழியாக வெளியேறினால் முனகல் மாதிரியே கேட்கும். இறந்தவர்களின் உடலைக் கையாளுகிறவர்களுக்கு இது பழக்கமான சத்தம்.

அண்ணனைப் பார்த்தவருக்கு: கனவு வரும் தூக்கத்தில் மூளை நம் தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. விழிப்பு வந்தும் அந்தக் கட்டு அவிழாமல், கனவும் முழுதாகக் கலையாமல் இருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

என் அனுபவம் சின்னது. வகுப்புத் தோழன் இறந்த மறுவாரம் அவனுடைய காலி இடத்தில் நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டேன். அவ்வளவுதான். ஆனால் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று குழந்தையிடம் சொல்லாதீர்கள். மரியா நாகி என்ற ஆய்வாளர் ஹங்கேரியின் புடாபெஸ்டில் குழந்தைகளிடம் பேசி 1948-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சாவைத் தூக்கமாகவோ பயணமாகவோதான் புரிந்துகொண்டிருந்தார்கள். நாமும் அதையே சொன்னால் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் தூங்கவே பயப்படும். "இறந்துட்டாங்க. இனிமே மூச்சு விட மாட்டாங்க, அவங்களுக்கு வலிக்காது, திரும்பி வர மாட்டாங்க" என்று நேராகச் சொல்லுங்கள். பத்து தடவை கேட்டாலும் அதே பதில், அதே பொறுமை. உன்னால் நடந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும்.

—

மேலே விளக்கம் கொடுத்தவரின் நல்ல மனசு புரிகிறது. ஆனால் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லையே என்று ஏங்குகிறவரிடம் தசையைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? வேல்ஸில் ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்தோ கேட்டோ, பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோ இருந்தார்கள். பெரும்பாலானோருக்கு அது ஆறுதலாக இருந்தது. அவர் கேட்கும்வரை யாரிடமும் வாய் திறக்காதவர்களே அதிகம். முதலில் கேளுங்கள், விளக்கம் பிறகு.

என் தாத்தாவுக்கு மறதி நோய். என் பெயரே வெகுநாளாக அவர் வாயில் வரவில்லை. கடைசி நாள் மத்தியானம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஜன்னலைத் திற, எவ்வளவு நேரம் நிக்க வைப்பே?" என்றார். குரல் அவ்வளவு தெளிவு. திறந்தேன், வெளியே யாரும் இல்லை. தாத்தா என்னைத் தாண்டி யாரையோ பார்த்து, வாங்க என்கிற மாதிரி தலையாட்டி, கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். அன்று ராத்திரி போய்விட்டார். சாவுக்கு முன்னால் இப்படித் தெளிவு திரும்புவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அதெல்லாம் படித்துவிட்டேன். அவர் யாருக்கு இடம் விட்டார் என்பதுதான் என் கேள்வி. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கடைசியில் இப்படி இடம் விட்டிருந்தால் எழுதுங்கள்.