பெரிய வீடு (குடும்பக் குழு)

செல்வா: பாட்டு போட்டிருக்கிறேன், எல்லோரும் கேளுங்கள். வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும் என்று டாக்குமெண்டாக அனுப்பியிருக்கிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, நிமிடத்துக்கு 17 எம்பி. வைஃபையில் இறக்குங்கள்.

அத்தை: நன்றாக இருக்கிறது கண்ணு. ஆனால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறதே?

செல்வா: கிட்டத்தட்ட அதேதான் அத்தை 😄 ஜெர்மனியில், இந்த லைப்சிக்கில் என் அறை வெறும் சுவரும் கண்ணாடி ஜன்னலும்தான், கை தட்டினால் டிங்கென்று திரும்பி வரும். அதனால் துணி அலமாரியைத் திறந்து வைத்து, குளிர் கோட்டுகளுக்கு எதிரே உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டுப் பாடினேன். கிடாரின் ஓட்டைக்கு நேராக மைக்கை வைத்தால் பூம் பூம் என்று அடிக்கும், கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் (ஃப்ரெட்) 12ஆவதைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வைத்தால்தான் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்கிறது.

அம்மா: சாப்பிட்டாயா? கீழ்வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா?

செல்வா: நேற்று எட்டு மணிக்கே துடைப்பக் கட்டையால் சீலிங்கைத் தட்டினார். இரவு 10 முதல் காலை 6 வரை இங்கே மூச்சு விடக்கூடாது, ஞாயிறு என்றால் நாள் முழுக்க அடக்கி வாசிக்க வேண்டும். ஆனால் 2018இல் ஒரு டிரம்பெட்காரர் வழக்கில் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வார நாளில் 2, 3 மணி நேரமும் ஞாயிறு, விடுமுறை நாளில் 1, 2 மணி நேரமும் வீட்டில் வாசிக்கலாம் என்று தோராயமாக ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. அதை அவரிடம் போய்ச் சொல்கிற அளவுக்கு என் ஜெர்மன் இல்லை.

அம்மா: சண்டை போடாதே. போட்டோவில் உன் கையில் என்ன கீறல்?

செல்வா: ஹீட்டர் போட்டுப் போட்டு அறைக் காற்று காய்ந்து கிடக்கிறது. கிடாரின் கழுத்து மரம் சுருங்கி ஃப்ரெட் கம்பிகளின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கை வழுக்கும்போது ரம்பம் மாதிரி இழுக்கிறது. சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈர ஸ்பாஞ்சு வைத்துப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.

சித்தப்பா: என் மிருதங்கமும் அப்படித்தானடா, பங்குனி வெயிலில் வார் இறுகி சுருதி ஏறிவிடும். சரி, என்னை வாசிக்கச் சொன்னாயே, உன் பாட்டின் சுருதி இரண்டு கட்டையில் இருக்கிறது. என்னுடையது ஒரு கட்டை வாத்தியம், ஒன்றரை வரை ஏற்றலாம், அதற்கு மேல் தட்டினால் ஓரத்துத் தோல் பின்னல், அந்த மூட்டு, அறுந்துவிடும்.

செல்வா: அப்படியென்றால் நான் தந்திகளை அரைக் கட்டை இறக்கித் திரும்பப் பாடிவிடுகிறேன் சித்தப்பா. நீங்கள் வயர் இயர்போனில் கேட்டுக்கொண்டு வாசியுங்கள், புளூடூத் வேண்டாம், ஒலி தாமதமாக வரும், தாளம் நழுவிவிடும். தாளத்துக்கு டிக் டிக்கென்று கிளிக் ஒலி சேர்த்து அனுப்புகிறேன், தொடக்கத்தில் அதோடு மூன்று முறை கை தட்டுங்கள், அதை வைத்து இங்கே என் பாட்டோடு ஒட்டிக்கொள்வேன்.

சித்தப்பா: நாற்பது வருஷம் வாசித்தவனுக்கு டிக் டிக் கேட்டு வாசிக்க வேண்டுமா?

யாழினி: சித்தப்பா, நான் போனில் ரெக்கார்ட் பண்ணித் தருகிறேன் 🙋

செல்வா: யாழினி, ரெக்கார்டர் செட்டிங்கில் இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்துவிடு, இல்லையென்றால் மிருதங்கத்தின் இடப்பக்கம் (தொப்பி) எழுப்பும் கும்கி ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஏரோப்ளேன் மோடில் போடு. ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எதுவும் ஓடக்கூடாது.

அத்தை: மதுரையில் ஃபேன் இல்லாமலா? நடக்கிற காரியமா?

அம்மா: வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் 5 வரை கரண்ட் கிடையாது என்று மெசேஜ் வந்திருக்கிறது.

செல்வா: அம்மா!!! நீங்கள்தான் புரொடியூசர் 🙏🙏

யாழினி: எதிர்வீட்டில் ஜெனரேட்டர் போடுவார்களே?

அம்மா: நான் பேசிக்கொள்கிறேன். 11 மணிக்குக் குக்கர் வைக்க வேண்டும், அதற்குள் முடித்துவிடுங்கள். தம்பி, ஒன்பதுக்கே வந்துவிடுங்கள், டிபன் இங்கேதான்.

செல்வா: எனக்கு அப்போது விடியற்காலை நாலரை, தூங்கிக்கொண்டிருப்பேன். சந்தேகம் இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள்.

சித்தப்பா: ஒரே சந்தேகம்தான் அண்ணி, பழைய பனையோலை விசிறி பரணில் இருக்கிறதா?

யாழினி: விசிறிச் சத்தமும் மைக்கில் விழும் சித்தப்பா.

சித்தப்பா: அப்போது ஒரு துண்டு எடுத்து வை.