சைக்கிள் வாங்கப் போனால் ஏன் இப்படி நடத்துகிறார்கள்?

ஆதம்பாக்கம்காரி:

வணக்கம். எனக்கு 44 வயது. வீட்டிலிருந்து பரங்கிமலை ஸ்டேஷன் வரை போய்வர ஒரு சைக்கிள் வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்று அலுத்துவிட்டது. பட்ஜெட் பத்தாயிரத்துக்குள்.

போன சனிக்கிழமை வேளச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் வந்த முதல் கேள்வி, "பையனுக்கா மேடம்? எத்தனாவது படிக்கிறான்?" எனக்குத்தான் என்று சொன்னேன். உடனே அந்த சேல்ஸ்மேன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் விலை, பிரேக், வாரண்டி எல்லாமே அவரிடம்தான். நான் கேட்ட கேள்விக்கும் அவர் முகத்தைப் பார்த்தே பதில் வந்தது. ஓட்டப்போவது நான், சம்பளத்திலிருந்து காசு கொடுக்கப்போவதும் நான். அங்கே நின்றபோது அவ்வளவு சங்கடமாக இருந்தது.

நான் கேட்டது கேரியரும் மட்கார்டும் வைத்த சாதாரண சைக்கிள். அவர் காட்டியது 21 கியர், முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். "இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க" என்றார். ஏறி உட்கார்ந்து பார்க்கட்டுமா என்றால், டயர் அழுக்காகிவிடுமாம், பணம் கட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமாம். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கால் எட்டுமா என்று பார்க்காமல் எப்படி வாங்குவது? "26 இஞ்ச் எல்லாருக்கும் செட் ஆகும் மேடம்" என்று முடித்துவிட்டார்.

விலை பேசி முடித்தபிறகு ஸ்டாண்டு, பெல், பூட்டு, மட்கார்டு என்று தனியாக 1,800 ரூபாய் சேர்த்தார்கள். ஸ்டாண்டும் மட்கார்டும் போதும் என்றேன். செட்டாகத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தர முடியாது என்றார்கள். நாங்கள் கிளம்பியபோது, "ஆன்லைன்ல வாங்கப்போறவங்க, சும்மா பார்க்க வந்திருக்காங்க" என்று பின்னால் ஒருவர் சொன்னது காதில் நன்றாகவே விழுந்தது.

எல்லாக் கடையிலும் இப்படித்தானா? செட்டாக வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? கடைப் பெயர் போடும் எண்ணமில்லை, அதைக் கேட்காதீர்கள்.

பழைய கவுண்டர்:

அக்கா, பாரிமுனைப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் நான் ரொம்ப காலம் கவுண்டரில் இருந்தவன். உங்களுக்கு நடந்தது தப்பு. ஏன் அப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் சைக்கிளில் கிடைக்கிற லாபம் குறைவு. பூட்டு, பெல், லைட்டு, சீட் கவர் இதில்தான் கை நனையும். முதலாளி சேல்ஸ்மேனை அதற்காக முடுக்குவார், அவர் வாடிக்கையாளரை முடுக்குவார். அதெல்லாம் கடைக்காரர் பிரச்சினை. உங்கள் தலையில் கட்ட அது காரணமாகாது.

உட்கார விடாததைத்தான் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் யார் வந்தாலும் முதலில் சீட்டில் ஏற்றிவிடுவார். முன் சக்கரத்தைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பெடலைக் கீழே இறக்குங்க, குதிகாலை அதுல வைங்க" என்பார். கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. மடங்கினால் சீட்டை ஏற்றுவார், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்குவார். அப்புறம் கீழே இறக்கி, மேல் பாரின் இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கச் சொல்வார். பார் இடிக்கக் கூடாது. இவ்வளவுக்கும் ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

26 இஞ்ச் என்பது சக்கரத்தின் அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது ஃபிரேம் அளவு. ஒரே 26 இஞ்ச் சக்கரத்தில் சின்ன ஃபிரேமும் வரும், பெரிய ஃபிரேமும் வரும். உங்கள் உயரத்துக்கு 15, 16 இஞ்ச் ஃபிரேம் கேளுங்கள். "ஃபிரேம் என்ன சைஸ்?" என்று கேட்டாலே பேசுகிற தொனி மாறும்.

ஸ்டேஷன் போய்வர 21 கியர் வேண்டாம். நம்ம ஊர் தட்டையான ஊர், மேம்பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது? பத்தாயிரத்துக்குள் வருகிற ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத்தான் கூட்டும்.

நங்கநல்லூர் ராயர்:

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பொருள் வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான வணிக முறைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பில் தர மறுப்பதும் அப்படித்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டு மாட்டியிருந்தாலும், பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க வேண்டும். கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள்.

புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஈசிஆர் விடியல்:

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டுக்காடு வரை ஓட்டுகிற ஆள். என் வண்டி கொஞ்சம் விலை கூடியது. அதைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போனால் நாற்காலி, காபி, "சார் சார்" எல்லாம் உண்டு. அதே கடையில் ஒரு நாள் சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பி ஒருவர் பழைய சைக்கிளோடு நின்றிருந்தார். பின் சக்கரத்தில் ஸ்போக் உடைந்து ரிம் கோட்டமாகி, பிரேக் கட்டையில் உரசிக்கொண்டிருந்தது. முதுகில் பை, கையில் போன், அது அடித்துக்கொண்டே இருக்கிறது. என் வண்டியைப் பார்த்த பிறகுதான் அவருடையதைப் பார்ப்போம் என்றார்கள். எனக்கு செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும், முதலில் அவருடையதைப் பாருங்கள் என்றேன். "எங்க வாங்குனீங்களோ அங்கேயே போங்க" என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த வண்டிதான் அவருக்குச் சோறு போடுகிறது. நான் அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

மேடம், சின்னக் கடைகளையும் பாருங்கள். வாசலில் யாருடைய பழைய வண்டியையாவது கழற்றிப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தால் அது நல்ல அறிகுறி. ஞாயிறு சாயந்திரக் கூட்டத்தில் மாட்டாமல் வார நாளில் போங்கள்.

ஆதம்பாக்கம்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபிரேம் அளவு என்று ஒன்று இருப்பதையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். புதன்கிழமை லீவு, மடிப்பாக்கத்தில் ஒரு சின்னக் கடைக்குத் தனியாகவே போகப்போகிறேன். பழைய கவுண்டர் தம்பி, வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

பழைய கவுண்டர்:

வண்டி பாதி பூட்டிய நிலையில் பெட்டியில்தான் கடைக்கு வரும், அக்கா. மீதியைப் பூட்டுவது கடைக்காரர் வேலை, அதனால் அவசரப்படுத்தாதீர்கள். எடுக்கும் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டு பெடலும் முழுக்க இறுகியிருக்கிறதா பாருங்கள். ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளில் பிரேக் கேபிள் இழுபட்டு லூசாகும், ஸ்போக்கும் தளரலாம். அதற்குத்தான் முதல் சர்வீஸ். இலவசம் என்று வாயால் சொன்னால் போதாது, பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.