ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு தோற்றேன், ஃபோல்ட் பண்ணியிருக்க (சீட்டைக் கீழே போட்டு விலகியிருக்க) வேண்டுமா?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
வணக்கம் அண்ணன்மார்களே. சனிக்கிழமை ராத்திரி தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்த பையன்களோடு போக்கர் ஆடினோம். கையில் ஏஸ் ஜோடி. நடுச்சீட்டு எதுவும் விழுவதற்கு முன்பே எதிரே இருந்தவர் ஆல்-இன் (கையிலிருக்கும் காசு முழுவதும்) சொன்னார், நானும் வைத்தேன். திருப்பிக் காட்டினால் அவரிடம் ராஜா ஜோடி. 9, 4, 2, அப்புறம் ஜாக்கி. ரிவரில், அதாவது கடைசி நடுச்சீட்டில், ராஜா விழுந்து அவருக்கு மூன்று ராஜா ஆகிவிட்டது. அவ்வளவு நேரம் பொறுமையாக ஆடிச் சேர்த்த 300 வெள்ளி (ரிங்கிட்) காசும் ஒரே சீட்டில் போய்விட்டது. உடனே எழுந்து வந்துவிட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை. ஃபோல்ட் பண்ணியிருக்க வேண்டுமா?

ரிவர்ராஜா:
எதற்கு ஃபோல்ட் லா? அவர் சீட்டைக் காட்டிவிட்டு ஆல்-இன் சொல்லியிருந்தாலும் நீங்கள் வைக்க வேண்டிய கைதான் அது. இந்த இரண்டு ஜோடியும் மோதினால் 100க்கு ஏறக்குறைய 82 தடவை ஏஸ் ஜெயிக்கும். ரிவருக்கு முன்னால் இன்னும் நல்ல நிலைமை: 52 சீட்டில் உங்கள் இரண்டு, அவர் இரண்டு, மேசையில் நான்கு போனால் மிச்சம் 44, அதில் ராஜா இரண்டே இரண்டு. 22க்கு ஒன்று. அந்த ஒன்று அன்றைக்கு விழுந்தது, அவ்வளவுதான்.

பழையமண்டோர்:
தம்பி, கணக்கெல்லாம் சரி. எழுந்து வந்தீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. இப்படி ஒரு கை தோற்ற சூட்டில், விட்டதைப் பிடிக்கிறேன் என்று உப்புக்கும் ஆகாத சீட்டையெல்லாம் பிடித்துக்கொண்டு வீட்டுச் செலவுக் காசையும் வைத்து, கடைசியில் ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரனிடம்) போய் நின்றவர்களை நம் லயத்திலேயே பார்த்திருக்கிறேன். ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவைதான் வரும், அதனால்தான் தோற்றால் அப்படி வலிக்கிறது. இன்னொன்று, நம் மலேசியாவில் உரிமத்தோடு இருக்கும் கெசினோ கெந்திங்கில் மட்டும்தான். வீட்டில் ஆள் சேர்த்துக் காசுக்கு ஆடினால் 1953ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் மாட்ட இடமிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பனைக்காரன்:
நன்றி அண்ணே, இனிமேல் காசு வைக்காமல் ஆடச் சொல்கிறேன். அப்படியானால் ராஜா ஜோடியோடு அவர் ஆல்-இன் போனது தப்பா?

ரிவர்ராஜா:
அதுவும் தப்பில்லை. ராஜா ஜோடி கையில் இருக்கும்போது எதிராளி ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருப்பது 204க்கு ஒரு தடவைதான். அவர் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் வைத்திருப்பீர்கள். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.