மூன்றரை வயது மகளுக்கு வீட்டில் கைவேலை விளையாட்டுகள்: எதிலும் அஞ்சு நிமிஷம் நிற்பதில்லை, என்ன செய்யலாம்?

நிலாக்குட்டி_அம்மா:

என் மகளுக்கு மூன்றரை வயது, அவளுக்குக் கீழே ஒன்றரை வயதில் தம்பி. பள்ளியில் சேர்க்க இன்னும் நாள் இருப்பதால், அதுவரை வீட்டிலேயே கையால் செய்து பழகுகிற மாதிரி தினம் ஏதாவது கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். ராத்திரி இரண்டு பேரும் தூங்கின பிறகு உட்கார்ந்து அட்டையை வெட்டி, வட்டம், சதுரம் எல்லாம் வரைந்து, நிறம் பார்த்துப் பிரிக்கிற மாதிரி எடுத்து வைத்தால், காலையில் வந்து மொத்தத்தையும் தரையில் கொட்டிவிட்டு, காலி டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்துவிடுகிறாள். அட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை விளையாட்டு கொடுக்க வேண்டும், மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டுமா? இருபது வரை கடகடவென்று சொல்கிறாள், ஆனால் நாலு ஸ்பூன் எடுத்துவா என்றால் கைநிறைய அள்ளிக்கொண்டு வருகிறாள், இது பரவாயில்லையா? "இன்னும் எழுத வைக்கலையா" என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், சின்னவன் கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் போடுகிறான். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு இதெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பாலர்வகுப்பு_டீச்சர்:

தோழி, உங்கள் மகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறாள், நீங்கள் எடுத்து வைத்த வேலையை இல்லை, அவ்வளவுதான். மூடித் திறப்பதில் விரல், மணிக்கட்டு, கண் மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. அதனால் அட்டை வெட்டுவதை விடுங்கள். திருகு மூடி, அழுத்து மூடி, ஜிப் பை, கிளிப் போட்ட டப்பா என்று வெவ்வேறு மாதிரி மூடிகள் நாலைந்தை ஒரு கூடையில் போட்டு அவள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், எந்த மூடி எதற்கு என்று அவளே தேடட்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கியபோது, ஒரு சின்னப் பெண் மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தி எடுத்து, மறுபடி பொருத்தி என்று 40 தடவைக்கு மேல் செய்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தார்கள், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள், அப்போதும் அவள் நிறுத்தவில்லை. இந்த வயதுக்கு அப்படித் திரும்பத் திரும்பச் செய்வதுதான் படிப்பு. தினம் புதிதாக ஒன்றைக் காட்டினால் எதுவும் கையில் படியாது.

ஒரே நேரத்தில் நாலைந்து பொருள் வெளியே இருந்தால் போதும், தொடாமலே கிடப்பதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வையுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றுவதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு தட்டில் இரண்டு சின்ன ஜக்கு, பக்கத்தில் ஸ்பாஞ்சு ஒன்று. ஒரு ஜக்கில் மட்டும் பாதி தண்ணீர். நீங்கள் ஒரு முறை மெதுவாக, பேசாமல், செய்து காட்டுங்கள். மூக்குப் பகுதியை அடுத்த ஜக்கின் நடுவுக்கு நேராகக் கொண்டுபோய், கடைசிச் சொட்டு விழும் வரை நிறுத்தி, அப்புறம் நிமிர்த்தி வையுங்கள். அந்தக் கடைசிச் சொட்டைத்தான் பிள்ளைகள் கண் விரியப் பார்ப்பார்கள். சிந்தியதை ஸ்பாஞ்சில் ஒற்றிப் பிழிவதும் விளையாட்டில் சேர்த்தி, பிழியப் பிழியக் கைக்கு பலம் வரும்.

ரெட்டைவால்_அப்பா:

டீச்சர் சொன்ன எல்லாம் சரி, அந்தப் பேசாமல் காட்டுவது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் பேச்சிலேயே வளர்கிறவர்கள். "நிரம்பிடுச்சா, வழியப்போகுதா" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் நிற்பார்கள்.

எண்ணுவதற்கு வருகிறேன். இருபது வரை ஒப்பிப்பது ஒரு பாட்டை மனப்பாடமாகச் சொல்வதற்குச் சமம். எண்ணி முடிக்கும்போது வருகிற கடைசி எண்தான் மொத்தம் என்பது அப்புறம்தான் மெதுவாகப் பிடிபடும், மூன்றரை வயதில் நாலு கேட்டால் அள்ளி வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். இப்போதைக்கு நாலு கேட்காதீர்கள். இரண்டு கேளுங்கள், அது தவறாமல் வந்தால் மூன்று. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு ஸ்பூன் என்று அவளையே வைக்கச் சொல்லுங்கள், மிச்சமானாலும் குறைந்தாலும் அவள் கண்ணுக்கே தெரிந்துவிடும், நாம் தப்பு என்று சொல்ல வேண்டியதே இல்லை.

அப்புறம் ஒரு பலகை விளையாட்டு. ஒரு நீள அட்டையில் இடமிருந்து வலமாக 10 கட்டம், அவற்றில் 1 முதல் 10 வரை எழுதுங்கள், இரண்டு காய், ஒன்றோ இரண்டோ மட்டும் விழுகிற ஒரு சுழலி. ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாதிரி பலகையில் இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் விளையாடிய பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண் அறிவு நன்றாகக் கூடியது. எண்ணுக்குப் பதிலாக நிறம் போட்ட கட்டங்களில் விளையாடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காய் 5-இல் இருந்து, இரண்டு விழுந்தால், நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லக் கூடாது, கட்டத்தில் இருக்கிற எண்ணையே "ஆறு, ஏழு" என்று சொல்லிக்கொண்டு நகர்த்த வேண்டும்.

பாலர்வகுப்பு_டீச்சர்:

நான் பேசவே வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணா. கையால் செய்து காட்டுகிற அந்த அரை நிமிஷம் மட்டும் வாயை மூடிக்கொள்ளலாம், கையையும் வாயையும் ஒரே நேரத்தில் கவனிப்பது சின்னப் பிள்ளைக்குக் கஷ்டம். முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். உயரமான கிளாஸையும் அகலமான கிண்ணத்தையும் வைத்து எதில் அதிகம் தண்ணீர் என்று கேளுங்கள். கண் முன்னாலேயே அதே தண்ணீரை மாற்றி ஊற்றினாலும் உயரமானதைத்தான் காட்டுவார்கள். பியாஜே என்ற குழந்தை உளவியலாளர் பிரபலப்படுத்திய சோதனை இது, ஆறு ஏழு வயதில் தானாகவே தெளியும், அதனால் திருத்த வேண்டாம், ஊற்றி ஊற்றிப் பார்க்கட்டும்.

உப்புத்தாள்:

எழுதுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வீட்டில் கேட்கிறவர்களிடம் "கை தயாராகிக்கொண்டிருக்கிறது" என்று தைரியமாகச் சொல்லுங்கள், நிஜமும் அதுதான். பென்சிலுக்கு முன்னால் விரலில் பலம் வேண்டும். காகிதம் கிழிப்பது, துணி கிளிப்பை அழுத்தி அட்டை ஓரத்தில் மாட்டுவது, முனை மழுங்கிய கத்தரியால் காகிதப் பட்டையை ஒரே வெட்டில் துண்டாக்குவது, இவை எல்லாம் இப்போதே முடியும். கோட்டின் மேல் வெட்டுவது நாலு வயது வாக்கில் வரும், அவசரமில்லை. கிரேயானை ஒடித்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள், முழுக் கையால் பிடிக்க இடமில்லாமல் மூன்று விரலால் பிடித்தே ஆக வேண்டியிருக்கும். காகிதத்தைச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டு வரைந்தால் தோளும் மணிக்கட்டும் உறுதியாகும்.

எழுத்து காட்ட ஆசை என்றால் தயவுசெய்து அ-வில் ஆரம்பிக்காதீர்கள், அதில் எத்தனை வளைவு பாருங்கள். ட, ப, ம, இந்த மூன்றும் எளிதான வடிவம், ட-வில் இருப்பதே இரண்டு கோடு. உப்புத்தாளில் பெரிதாக வெட்டி அட்டையில் ஒட்டுங்கள், எழுதுகிற திசையிலேயே விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லட்டும். இந்த மூன்றையும் வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் என்று நிஜச் சொற்கள் வந்துவிடுகின்றன. மெய்க்குப் புள்ளி வைப்பதைக்கூட அங்கேயே காட்டிவிடலாம்.

இருவர்_இல்லம்:

சின்னவன் விஷயத்துக்கு நான் வருகிறேன், எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான். டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக்குழாய் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நுழைகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருக்கும் தரையில் இருக்கக் கூடாது. மணி, பொத்தான், விதை, எல்லாம் அதில் அடங்கும். மகள் அவற்றை வைத்து விளையாட வேண்டுமென்றால் அவன் தூங்கும்போது, மேஜையில், முடிந்ததும் எண்ணிப் பார்த்து எடுத்து வையுங்கள். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கிற ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துவிடும். பொத்தான் பேட்டரி இன்னும் மோசம், தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், அதனால் விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத்தான். தண்ணீர் விளையாட்டு முடிந்த நொடியே டப்பில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள், சில சென்டிமீட்டர் தண்ணீரே ஒன்றரை வயதுக்கு ஆபத்து.

அவனுக்கும் தனியாக ஒரு வேலை கொடுங்கள். பெரிய டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, வாய்க்குள் போகாத அளவுப் பெரிய பந்து இரண்டைக் கொடுத்தால் போட்டு எடுத்துக்கொண்டே இருப்பான். அக்கா தண்ணீர் ஊற்றும்போது அவன் பக்கத்திலேயே இருக்கலாம், நீங்களும் கூட இருந்தால்.

நிலாக்குட்டி_அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூடிக் கூடை இன்றைக்கே வைத்துவிட்டேன், ஜிப் பையை விடவே மாட்டேன் என்கிறாள். களிமண் மாதிரி பிசைகிற மாவு வீட்டிலேயே செய்யலாமா? கடையில் வாங்கியது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

உப்புத்தாள்:

தாராளமாகச் செய்யலாம். மைதா 2 கப், உப்பு 1 கப், எண்ணெய் ஒரு ஸ்பூன், தண்ணீர் முக்கால் கப்பில் ஆரம்பித்துக் கையில் ஒட்டாத பதம் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக. மகளையே அளந்து கொட்டிப் பிசையச் சொல்லுங்கள், பாதி விளையாட்டு அதிலேயே முடிந்துவிடும். உப்பு அதிகம் என்பதால் சின்னவன் வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் காயாது, பிசுபிசுத்தால் கொஞ்சம் மைதா தூவிப் பிசையுங்கள், வாடை மாறினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்துகொள்ளலாம். அச்சுகள் இப்போதைக்கு வேண்டாம், உருட்டவும் கிள்ளவும் மழுங்கிய கத்தரியால் வெட்டவும் விடுங்கள்.