பார்சரில் வகைகளின் பெயர்களை ஒரே முறைக்குக் கொண்டுவருதல்: எங்கே தொடங்குவது?

தரமணிநிரலர் கேட்டது:

வணக்கம். தரமணியில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தில், கட்டண விதிகளை எழுதுவதற்கென்று நாங்களே வடிவமைத்த ஒரு மொழியின் கம்பைலரை நால்வர் பராமரித்து வருகிறோம். அது ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. நிரலைப் படித்துப் பகுக்கும் பார்சர் உருவாக்கும் தொடரியல் மரத்தின் கணுக்களுக்கு, அவரவர் கைப்பழக்கத்திற்கு ஏற்ப மூன்று விதமாகப் பெயர் அமைந்துவிட்டது. முதலில் எழுதியவர் 'பைனரிஎக்ஸ்பிரஷன்' என்று முழுச் சொல்லாக வைத்தார். அடுத்து வந்தவர் 'கால்எக்ஸ்பர்', 'இஃப்எஸ்டிஎம்டி' என்று சுருக்கினார். நான் சேர்த்த பகுதியில் 'டைப்நோட்', 'பேட்டர்ன்நோட்' என்று எல்லாவற்றின் வாலிலும் 'நோட்' தொங்குகிறது.

இதுநாள்வரை இதை வெறும் அழகுக் குறை என்றே நினைத்திருந்தேன். சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், வகைச் சரிபார்ப்பில் உள்ள 'டைப்' என்பதும் பார்சரின் 'டைப்நோட்' என்பதும் ஒன்றுதான், பழைய ஆட்கள் ஒழுங்குபடுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்று எண்ணி, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஒரு சிறு ஃபங்ஷனை எழுதிச் சேர்த்தார். அந்த மாற்றத்தில் மூல நிரலின் இடத்தைக் குறிக்கும் ஸ்பேன் தொலைந்து, அதன் இடத்தில் சுழியம் நிரப்பப்பட்டது. அதன்பின் வகைப் பிழை எங்கே இருந்தாலும் பிழைச்செய்தி கோப்பின் முதல் வரியையே காட்டியது. அதை ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுத்தவன் நானே.

எனவே பெயர்களை ஒரே முறைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எந்த முறையைத் தேர்வது, ஒரே மூச்சில் மாற்றுவதா சிறிது சிறிதாகவா, கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) முதன்மை நிரலோடு சேராமல் இப்போது திறந்திருக்கும் மூன்று கிளைகளை என்ன செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர்பகுப்பான்:

சுருக்கமா முழுச் சொல்லா என்பதில் நெடுநேரம் செலவிட வேண்டாம். பெரிய கம்பைலர்களே இதில் கறாராக இல்லை. சி, சி++ மொழிகளின் கம்பைலரான கிளாங்கில் 'கால்எக்ஸ்பர்', 'மெம்பர்எக்ஸ்பர்' என்று இருக்க, பக்கத்திலேயே 'பைனரிஆபரேட்டர்', 'கண்டிஷனல்ஆபரேட்டர்', 'இன்டிஜர்லிட்டரல்' என்றும் இருக்கின்றன. இவை அனைத்தும் 'எக்ஸ்பர்' என்ற ஒரே அடிப்படை வகுப்பின் பிள்ளைகள்தாம். கோ மொழியின் ஏஎஸ்டி (தொடரியல் மரம்) தொகுப்பு இன்னும் சற்று ஒழுங்கானது: எக்ஸ்பர் (கோவை), எஸ்டிஎம்டி (கூற்று), டெக்ல் (அறிவிப்பு) என்று முடியும் வாலைப் பார்த்தே கணு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வாலுக்கு அதுதான் வேலை. உங்கள் 'நோட்' அந்த வேலையைச் செய்யவில்லை. மரத்தில் இருப்பவை எல்லாமே கணுக்கள் அல்லவா? முதலில் அதை எடுத்துவிடுங்கள். ரஸ்ட் கம்பைலரிலும் ஒரு காலத்தில் கணுவின் உள்ளே இருக்கும் 'ஈனம்' (பல மாற்று வடிவங்களில் ஏதேனும் ஒன்றாக இருக்கும் வகை) என்பதற்குத் தனிப்பெயர் வைக்காமல், கணுவின் பெயரோடு ஓர் அடிக்கோட்டை ஒட்டி ஒப்பேற்றி வந்தார்கள். 2016-இல் அதை 'எக்ஸ்பர்கைண்ட்' என்று மாற்றி, ஐட்டம், பேட்டர்ன் முதலியவற்றுக்கும் அதே 'கைண்ட்' வாலைக் கொடுத்தார்கள். அடிக்கோடு எதையும் சொல்லவில்லை, 'கைண்ட்' சொல்கிறது.

மயிலைமரம்:

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் 'நோட்' என்ற வாலை அப்படியே வெட்டினால், உங்கள் இடறல் தீராது, பெருகும். 'டைப்நோட்' வெறும் 'டைப்' ஆகிவிட்டால், ஏற்கெனவே இருக்கும் 'டைப்' எங்கே போகும்? புதியவர் தவறு செய்தது வால்கள் மூன்று விதமாக இருந்ததால் அன்று. இரண்டு வேறு பொருள்களுக்கு ஏறத்தாழ ஒரே பெயர் இருந்ததால்தான்.

நிரலர் எழுதிய வகை வேறு, கம்பைலர் தீர்மானித்த வகை வேறு. ஒரே கோப்பில் இரண்டு இடத்தில் 'எண்' என்று வகை எழுதப்பட்டிருந்தால், பார்சரின் கண்ணுக்கு அவை இரண்டு கணுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பேன் உண்டு. வகைச் சரிபார்ப்பு முடிந்தபின் அவை இரண்டும் சுட்டுவது ஒரே வகையை, அதற்கு இடம் என்று ஒன்று கிடையாது. எழுதப்படாமல் ஊகிக்கப்பட்ட வகைக்கோ பார்சர் மரத்தில் கணுவே இல்லை. ஆகவே முன்னதிலிருந்து பின்னதற்குப் பெயர்த் தீர்வு (எழுதிய பெயர் எதைச் சுட்டுகிறது என்று கண்டறிதல்) வழியாகப் போகலாம். பின்னதிலிருந்து முன்னதற்குத் திரும்பும் ஃபங்ஷன் ஒன்றை யாராவது எழுத நேர்ந்தால், அதுவே எங்கோ கோளாறு என்பதற்கு அடையாளம். உங்கள் சுழிய ஸ்பேன் அங்கேதான் பிறந்திருக்கும்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. ரஸ்ட் கம்பைலரில் 'டிஒய்' என்ற ஒரே பெயரில் மூன்று வகைகள் உள்ளன: பார்சரின் மரத்தில் ஒன்று, ஹெச்ஐஆர் என்னும் அடுத்த நிலையில் ஒன்று, வகைச் சரிபார்ப்பு பயன்படுத்துவது ஒன்று. மாட்யூலின் பெயரை முன்னால் வைத்துத்தான் வேறுபடுத்துகிறார்கள்; அவர்களுடைய உருவாக்குநர் வழிகாட்டியில், பின்னிரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்பதை விளக்கவே தனிப்பகுதி வைக்க வேண்டியிருந்தது. கிளாங்கில் பொருள்சார்ந்த வகைக்கு 'டைப்' என்றும், அது எழுதப்பட்ட இடத்தைச் சுமப்பதற்கு 'டைப்லாக்' என்றும் பெயரே பிரிந்து நிற்கிறது. நால்வர் மட்டும் இருக்கும் குழுவுக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது என் கருத்து: பார்சரில் 'டைப்எக்ஸ்பர்', சரிபார்ப்பில் 'ரிசால்வ்டுடைப்'. தனியாக 'டைப்' என்று எதற்கும் பெயர் இருக்க வேண்டாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. 'டைப்' என்ற பெயர் காலியானதும் அதை உடனே வேறொன்றுக்குக் கொடுக்கத் தோன்றும். கொடுத்தால், பழைய கிளைகளில் 'டைப்' என்று எழுதியவை புதிய பொருளில் படிக்கப்படும். பெரும்பாலும் கம்பைலர் பிடித்துவிடும், ஆனால் இரண்டு வகைகளிலும் 'அன்நோன்' போன்ற ஒரே பெயருள்ள வேரியன்ட் (ஈனத்தின் மாற்று வடிவம்) இருந்தால் சில இடங்கள் சத்தமின்றித் தேறிவிடும். காலியான பெயர் சில காலம் காலியாகவே கிடக்கட்டும்.

தரமணிநிரலர்:

மிக்க நன்றி. தேடிப் பார்த்ததில் அப்படித் திரும்பிப் போகும் இடங்கள் ஒன்றன்று, மூன்று இருக்கின்றன. அவற்றில் இரண்டை எழுதியவன் நானே என்பதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. இன்னொன்று: மரத்தை ஜேசான் என்னும் உரை வடிவில் வெளியேற்றி, எடிட்டர் நீட்சி ஒன்று படிக்கிறது. பெயர் மாறினால் அது உடையுமா?

வேளச்சேரிகமிட்:

ரஸ்டில் செர்டி என்னும் நூலகம் கொண்டு ஜேசான் எழுதினால், ஸ்ட்ரக்ட் (புலங்களின் தொகுப்பு) வகையின் பெயர் வெளியீட்டில் வராது; ஈனத்தின் வேரியன்ட் பெயர்களும் புலப் பெயர்களும் வரும். ஆகவே வேரியன்ட் பெயரை மாற்றும் இடங்களில் மட்டும், 'ரீநேம்' குறிப்பை வைத்துப் பழைய பெயரையே வெளியே அனுப்புங்கள். மெட்ராஸ் 1996-இலேயே சென்னை ஆகி, சென்ட்ரல் நிலையத்தின் பெயரும் 2019-இல் மாறிவிட்டது. பயணச்சீட்டில் நிலையக் குறியீடு இன்றும் எம்ஏஎஸ்தான். வெளியே போய்விட்ட பெயர் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பைத்தானில் 'நம்' (எண்), 'எஸ்டிஆர்' (சரம்) என்ற கணுக்களுக்குப் பதிலாக 'கான்ஸ்டன்ட்' என்ற ஒன்றே போதும் என்று 3.8 பதிப்பில், 2019-இல் முடிவாயிற்று. பழைய பெயர்கள் அடியோடு நீக்கப்பட்டது 3.14 பதிப்பில், 2025-இல்.

மாற்றும் முறை குறித்து: பெயர்மாற்றம் மட்டுமே உள்ள ஒரு கமிட் (கிட்டில் ஒரு பதிவு), அதில் வேறு ஒரு வரிகூட வேண்டாம். திரும்பிப் போகும் அந்த மூன்று ஃபங்ஷன்களை நீக்குவதும் தனி கமிட், அதற்கு முன்பாகவே. 'டைப்' போன்ற பொதுப்பெயரை, ரஸ்ட் நிரலைப் பொருள் புரிந்து திருத்தும் கருவியான ரஸ்ட்-அனலைசர் வழியாக மாற்றுங்கள். வெறும் சொல் தேடலில் அது எங்கெங்கோ அகப்படும். தனித்துவமான மற்றப் பெயர்களை ஒரு சிறு ஸ்கிரிப்டால் மாற்றி, அந்த ஸ்கிரிப்டைக் களஞ்சியத்திலேயே வையுங்கள். மேக்ரோக்களின் உள்ளே, ஆவணக் குறிப்புகளில், சரங்களில் இருப்பவற்றைக் கருவி தவறவிடலாம். பழைய பெயரை ஒருமுறை தேடிப் பாருங்கள். டிபக் வெளியீட்டில் ஸ்ட்ரக்ட்டின் பெயர் அச்சாகும் என்பதால் ஸ்னாப்ஷாட் டெஸ்டுகள் (சேமித்து வைத்த வெளியீட்டோடு ஒப்பிடுபவை) கொத்தாக விழும், அஞ்ச வேண்டாம். உண்மையான சோதனை வேறு: டெஸ்ட் நிரல்கள் அனைத்தையும் முன்னும் பின்னும் கம்பைல் செய்து, வெளியீடு பைட் பைட்டாக ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

அந்த ஸ்கிரிப்ட் எதற்கென்றால், திறந்திருக்கும் கிளைகளுக்காக. கிளையில் முதலில் பெயர்மாற்றத்துக்கு முந்தைய கமிட் வரை முதன்மை நிரலை மெர்ஜ் செய்யுங்கள் (இணையுங்கள்). அங்கே ஸ்கிரிப்டை ஓட்டி கமிட் செய்யுங்கள். பிறகு பெயர்மாற்றக் கமிட்டை 'அவர்ஸ்' உத்தியில், அதாவது கிளையின் பிரதியையே வைத்துக்கொண்டு, மெர்ஜ் செய்யுங்கள். நூற்றுக்கணக்கான மோதல்களைக் கையால் தீர்க்கும் வேலை மிச்சம். கடைசியாக, அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, கிட்டின் 'இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' அமைப்பில் சுட்டிவிட்டால், பிளேம் (எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்ற பட்டியல்) பார்க்கும்போது ஒவ்வொரு வரியிலும் உங்கள் பெயர் வந்து நிற்காது. கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு.

பெரம்பூர்பகுப்பான்:

ஒரு திருத்தம்: ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டினால் கிளையில் 'டைப்' மாறாமல் நிற்கும். அதை ரஸ்ட்-அனலைசரில் மாற்றியதையும் சேர்த்து கமிட் செய்த பிறகே 'அவர்ஸ்' மெர்ஜுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெர்ஜ் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

வேளச்சேரிகமிட்:

உண்மைதான். எழுதும்போது விட்டுப்போயிற்று.

தரமணிநிரலர்:

திரும்பிப் போகும் ஃபங்ஷன்களில் இரண்டை இன்று நீக்கிவிட்டேன். பிழைச்செய்தி சரியான வரியைக் காட்டுகிறது. மூன்றாவதை எடிட்டர் நீட்சிக்கான பகுதி பயன்படுத்துவதால் அதற்கு ஒரு வாரம் ஆகும். கிளைகளில் இரண்டை வெள்ளிக்கிழமைக்குள் மெர்ஜ் செய்துவிட்டு, மீதி ஒன்றுக்கு மேலே சொன்ன முறையைக் கையாள்வோம். வாலாக 'எக்ஸ்பர்', 'எஸ்டிஎம்டி' என்ற சுருக்கங்களையே எடுத்துக்கொள்கிறோம். 'பேட்டர்ன்நோட்' மட்டும் 'பேட்' ஆவதா 'பேட்டர்ன்' ஆவதா என்று நால்வருக்குள் இன்னும் முடிவாகவில்லை. இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது.