கப்பல் மோதினால் விடிஆர் (கப்பலின் கறுப்புப் பெட்டி) பதிவை அழியாமல் காப்பது எப்படி?

தஞ்சோங்_டெக்:
வணக்கம். கம்பெனிக் கப்பல்களுக்கான விபத்து நேரச் செக்லிஸ்ட்டைத் திருத்துகிறேன். ஒரு கப்பல் 2009ல் கட்டியது, இன்னொன்று 2016. இரண்டும் 3,000 ஜிடிக்கு (மொத்த டன்னேஜ்) மேல். இப்போது அதில் "விடிஆர் சேவ் பட்டனை அழுத்தவும்" என்று ஒரே வரிதான். சிங்கப்பூர் நீரிணையில் மோதலோ தரைதட்டலோ நடந்தால் இது போதுமா? பவரை நிறுத்த வேண்டுமா? பதிவை யாரிடம் கொடுப்பது?

கேப்சூல்_இடிஓ:
போதாது. முதலில், இரண்டு கப்பலுக்கும் ஒரே செக்லிஸ்ட் போடாதீர்கள். 2014 ஜூலை 1க்குப் பின் பொருத்திய விடிஆர் செட் என்றால் நிலையான கேப்சூலிலும் (பதிவைக் காக்கும் பெட்டி), கப்பல் மூழ்கினால் மிதந்து வரும் கேப்சூலிலும் 48 மணி நேரம், உள்ளே இருக்கும் நீண்டகாலப் பதிவில் 30 நாள் இருக்கும். 2009 கப்பலில் பழைய செட்டே இன்னும் இருந்தால் கட்டாயமான அளவு 12 மணி நேரம்தான். விடியற்காலை 2 மணிக்கு மோதி, டக் (இழுவைப் படகு), ஏஜெண்ட், ரிப்போர்ட் என்று ஓடினால் மதியம் 2 மணிக்கு அந்த நிமிடத்தின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். செட்டை இடையில் மாற்றினார்களா என்று வகை ஒப்புதல் சான்றிதழைப் பாருங்கள்.

சேவ் பட்டன் செய்வது ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் வேறு. சிலதில் கழற்றக்கூடிய டிஸ்க்குக்கு நகல் போகும். சிலதில் அந்த நேரப் பகுதி பூட்டப்படும். இரண்டாம் முறை அழுத்தினால் முதல் நகல் என்னவாகும் என்பதை மேனுவலில் பார்த்து, மாடல் பெயரோடு செக்லிஸ்ட்டில் எழுதுங்கள். "பட்டன், முடிந்ததற்கான அறிகுறி வரும்வரை காத்திரு, லேப்டாப்பில் இறக்கு, மோதல் நேரத்தை ஓட்டிப் பார்" என்று நான்கு செயலாக இருக்கட்டும். ஓட்டிப் பார்க்காத நகலை நகலாகவே எண்ணக்கூடாது.

பலர் சறுக்குவது நேரத்தில். விடிஆர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதும், சிங்கப்பூர் நேரம் 8 மணி முன்னால். 21ஆம் தேதி விடியற்காலை 5 மணிச் சம்பவத்தைத் தேட வேண்டியது 20ஆம் தேதி 2100ல்.

பிரிட்ஜ்வாட்ச்:
பவர் பற்றி: இறக்கி முடித்ததும் பிரேக்கரைத் தள்ளிவிடு என்று பழைய செக்லிஸ்ட்களில் இருக்கும். கப்பல் இன்னும் ஆபத்தில் இருக்கும்போது அதைச் செய்வது தவறு என்பேன். மோதலுக்குப் பிந்தைய பிரிட்ஜ் (கப்பலை இயக்கும் அறை) பேச்சும் விசாரணைக்கு வேண்டும். கப்பலைத் துறையில் பத்திரமாகக் கட்டிய பிறகு, சேவ் ஆகவில்லை, மேலெழுதும் அபாயம் உண்டு என்றால் மட்டும் நிறுத்துங்கள். அப்போது மெயின், எமர்ஜென்சி சப்ளை இரண்டையும் எடுத்தாலும் ரிசர்வ் பேட்டரி ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த பேட்டரி 2 மணி நேரம் தாங்கும், ஆனால் அதன் வேலை பிரிட்ஜ் ஒலிக்குத்தான். சிங்கப்பூர்க் கொடி ஏந்திய டாலி, 2024 மார்ச் 26 அன்று பால்டிமோர் பாலத்தில் மோதுவதற்குச் சற்றுமுன் மின்சாரம் இழந்தபோது சென்சார் பதிவு ஏறக்குறைய ஒரு நிமிடம் நின்றது, ஒலி மட்டும் தொடர்ந்தது. அதனால்தான் பிரிட்ஜில் சுக்கான் உத்தரவுகளையும் அளவுகளையும் வாய்விட்டுச் சொல்வது முக்கியம்.

கேப்சூல்_இடிஓ:
@பிரிட்ஜ்வாட்ச் பவர் விஷயத்தில் ஒத்துப்போகிறேன். பழைய 12 மணி செட்டில் மட்டும் இறக்குவதைத் தாமதிக்கவே முடியாது. கட்டும்வரை காத்திராமல் நங்கூரத்திலேயே முடியுங்கள்.

கிழக்கு_நங்கூரம்:
பதிவு கப்பல் உரிமையாளருக்குச் சொந்தம். ஆனால் விசாரணை நடக்கும்போது மூலம் விசாரணையாளரிடம் இருக்க வேண்டும், உரிமையாளருக்கு நகல் கிடைக்கும். ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) வழிகாட்டுதல் அப்படித்தான். முதலில் விடிஐஎஸ்ஸுக்கு (நீரிணையின் கப்பல் போக்குவரத்துத் தகவல் மையம்) விஹெச்எஃப் ரேடியோவில் சொல்லுங்கள்: மேற்கு சேனல் 73, மத்தி 14, கிழக்கு 10. சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு பழி சுமத்த விசாரிப்பதில்லை. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் விசாரணை அதிலிருந்து தனி. இருவரும் கேட்கலாம் என்பதால் யார், எப்போது, எந்த டிஸ்க்கை வாங்கினார் என்று கையெழுத்துடன் ரசீது எழுதுங்கள். கொடி நாட்டுக்கும் (கப்பல் பதிவான நாடு) தகவல் போக வேண்டும்.

தஞ்சோங்_டெக்:
மிக்க நன்றி. இரண்டு கப்பலும் ஆண்டுச் செயல்திறன் சோதனையில் தேறியவைதான். பிறகும் பதிவு மோசமாக வர எங்கே வாய்ப்பு?

கேப்சூல்_இடிஓ:
சான்றிதழ் சோதனை நடந்த அன்றைய நிலைக்கு மட்டும்தான் சாட்சி. மாதம் ஒருமுறை 10 நிமிடம் இறக்கி ஓட்டுங்கள். கேளுங்கள்: பைலட் நிற்கும் இடத்துப் பேச்சு, பிரிட்ஜ் விங், விஹெச்எஃப். ஏசி காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்து மைக்கில் இரைச்சல் மட்டுமே விழும். விங் மைக்கில் உப்புநீர் புகுந்திருக்கும். அடுத்து ரேடார் படம். புதிய செட்டில் எக்ஸ் பேண்ட், எஸ் பேண்ட் ரேடார்கள் இரண்டின் படமும் வர வேண்டும். டிஸ்ப்ளே மாற்றிய பிறகு கேபிளை மீண்டும் இணைக்காமல் விட்டால் கறுப்புத் திரை பதிவாகும். சுக்கானை 10 பாகை இடம், 10 பாகை வலம் போட்டு, உத்தரவும் பதிலும் ஒரே குறியில் (இரண்டும் இடம் அல்லது இரண்டும் வலம் என்று) பதிவாகின்றனவா என்று பாருங்கள்.

கேப்சூலின் பீக்கன் (நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவி) பேட்டரித் தேதி, மிதக்கும் கேப்சூலின் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் (நீரழுத்தத்தில் கேப்சூலை விடுவிக்கும் கருவி) காலாவதி இரண்டையும் கண்ணால் பாருங்கள். ரிலீஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கேப்சூல் கப்பலோடு மூழ்கினால் என்ன ஆகும் என்பதற்கு எல் ஃபாரோ கப்பலே போதும். 2015 அக்டோபர் 1ல் மூழ்கிய அந்தக் கப்பலின் கேப்சூலை ஏறக்குறைய 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து 2016 ஆகஸ்டில்தான் எடுத்தார்கள்.

இறக்கும் மென்பொருள் கொண்ட லேப்டாப்பின் பாஸ்வேர்டை விடிஆர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். சீஃப் ஆபிசர் மாறினால் அதையும் ஒப்படைப்பு நோட்டில் சேருங்கள்.